20 வருஷ வண்டி: சரி பண்ணி ஓட்டலாமா, மாத்திடலாமா?

நீலக்கார்

வணக்கம். 1.3 லிட்டர் பெட்ரோல் செடான், மேனுவல் கியர். 20 வருஷம் ஆச்சு, 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. தினமும் 40 கிலோமீட்டர், மாசம் ஒரு நீண்ட பயணம். வீட்டில் இருக்கிற ஒரே வண்டி இதுதான்.

இப்போதைய நிலை: ஐடிலில் (மிதிக்காம என்ஜின் மட்டும் ஓடும்போது) நடுக்கம் இருக்கு, வேகம் எடுத்தா சரியாயிடுது. பள்ளத்தில் இறங்கினா முன்பக்கம் 'டொக்'குனு சத்தம். இடது ரன்னிங் போர்டில் (கதவுகளுக்குக் கீழே நீளமா ஓடுற பாடிப் பகுதி), பின்கதவுக்குக் கீழே, பெயின்ட் கொப்புளமா எழும்பியிருக்கு. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் கார்பெட் அடிக்கடி ஈரம். கூலன்ட் குறையல. ஆயில் 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி அளவுக்குக் குறையுது.

என்ஜினை இறக்கி முழு வேலை பார்த்து, பெயின்ட் அடிச்சு, இன்னும் 7, 8 வருஷம் ஓட்டலாம்னு ஒரு யோசனை. அந்தப் பணத்தோட இன்னும் கொஞ்சம் சேர்த்து 5 வருஷ வண்டியா ஒண்ணு வாங்கிடலாம்னு இன்னொரு யோசனை. எதை வச்சு முடிவு பண்றது? எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

பாடிவேலை

என்ஜினைக் கடைசியில் பாருங்க நண்பரே. என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் போல்ட்டில் மாட்டியிருக்கிற சாமான், கழட்டி மாத்திடலாம். பாடி அப்படி இல்ல. இப்போ வர்ற பெரும்பாலான கார்களில் தனியா சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அது துருவில் போயிடுச்சுன்னா மேலே எவ்வளவு போட்டாலும் நிற்காது. அதனால முடிவு லிஃப்ட்டுக்குக் கீழேதான் இருக்கு.

வண்டியை லிஃப்ட்டில் ஏத்துங்க. கையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்ன சுத்தியல், நல்ல டார்ச். துணி சுத்தின காந்தமும் வச்சுக்கங்க. காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுற பூச்சு) இருக்குன்னு அர்த்தம். பெயின்ட் கனம் அளக்கிற மீட்டர் கிடைச்சா இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் பொதுவா 100-லிருந்து 180 மைக்ரான் வரை. 300-ஐத் தாண்டினா மறுபடி பெயின்ட் அடிச்ச இடம். 1,000-க்கு மேல போனா கீழே பட்டி கனமா இருக்கு.

முதல்ல பார்க்க வேண்டியது, முன் ஷாக் அப்சார்பரின் மேல் தலை பாடியில் உட்கார்ற இடம். பானட்டைத் திறந்து மேலிருந்தும், சக்கரத்தைக் கழட்டிக் கீழிருந்தும் பார்க்கணும். அடுத்து முன்னாடி நீளமா போற ரெண்டு பெட்டி வடிவ மெம்பர், சப்ஃப்ரேம் (பாடிக்கு அடியில் சஸ்பென்ஷனைத் தாங்குற சட்டம்) போல்ட் ஏறும் இடங்கள், ஸ்டீயரிங் ராக் பிடிச்சிருக்கிற இடம், பின் சஸ்பென்ஷன் பாடியில் சேரும் இடம். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தித் தட்டுங்க. நல்ல தகடு 'டிங்'னு பேசும். அரிச்ச தகடு மந்தமா 'தப்'னு கேட்கும், அழுத்தினா உள்ளே போகும். இந்த இடங்களில் ஏதாவது ஒண்ணில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போச்சுன்னா, தினசரி ஓட்டுற சாதாரண வண்டிக்கு அதோட நிறுத்திக்கலாம். அதையும் வெல்டு பண்ண முடியும். ஆனா ஜிக்கில் (பாடியை அளவு மாறாம பிடிக்கிற சட்டம்) ஏத்தி அளவு பிடிச்சுப் பண்ற வேலை அது, அரிதான வண்டிக்குத்தான் கட்டும்.

ரன்னிங் போர்டு கதை வேற. வெளியே கொப்புளம் தெரியுதுன்னா துரு உள்ளேயிருந்து வந்திருக்கு. அதோட அடியில் தண்ணி வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மண்ணும் பழைய அண்டர்கோட்டும் அதை அடைச்சுடும், தண்ணி உள்ளேயே தேங்கும். கொப்புளத்தைக் குத்திப் பாருங்க. வெளித்தகடு மட்டும் போயிருந்தா பயமில்ல. உள்தகடும் போயிருக்கான்னு தெரிய பின்சீட் பக்கக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்கணும். ஜாக்கி வைக்கிற இடத்தை மறக்காதீங்க, பெரும்பாலும் அங்கேதான் முதல்ல போகும்.

கார்பெட் ஈரத்தை லேசா எடுத்துக்காதீங்க. தண்ணி வர்ற வழியை அடைக்காம ஃப்ளோரில் வேலை செஞ்சா ரெண்டு மழைக்காலத்தில் மறுபடி அதே நிலைதான். ஈரத்தைத் தொட்டு மோந்து பாருங்க. இனிப்பு வாசனையோட பிசுபிசுப்பா இருந்தா ஹீட்டர் கோரிலிருந்து வர்ற கூலன்ட். சுத்தத் தண்ணின்னா ஏசி டிரெய்ன் குழாய் அடைச்சிருக்கலாம், முன் கண்ணாடி ரப்பர் விட்டிருக்கலாம், வைப்பருக்குக் கீழே இருக்கிற தொட்டியில் இலை அடைச்சிருக்கலாம், இல்லேன்னா ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகடு) வயர் போற ரப்பர் விலகியிருக்கலாம். ஒருத்தர் உள்ளே டார்ச்சோட படுத்துக்கணும், இன்னொருத்தர் வெளியே ஹோஸ் பிடிக்கணும். கீழேயிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு மூணு நிமிஷம் நிறுத்தி மேலே ஏறுங்க. எடுத்த எடுப்பிலேயே கண்ணாடி மேல ஊத்தினா எல்லா ஓட்டைக்கும் சேர்த்துத் தண்ணி ஓடும், எது காரணம்னு பிடிபடாது.

ஸ்பேனர்14

மேலே சொன்னதோட முழு உடன்பாடு. பாடி தேறினா மட்டும் என்ஜினுக்கு வாங்க. ஆனா 'என்ஜினை இறக்கணும்'கிற முடிவை ஐடில் நடுக்கத்தை மட்டும் வச்சு எடுக்கவே கூடாது. முதல்ல ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், த்ராட்டில் பாடி கார்பன், வேக்கம் ஹோஸ் கசிவு, என்ஜின் மவுன்ட் இதெல்லாம் பார்த்து ஒதுக்குங்க. மவுன்ட் ரப்பர் உட்கார்ந்துட்டா நல்ல என்ஜின்கூட ஐடிலில் ஸ்டீயரிங்கை ஆட்டும்.

அதுக்கப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுதுன்னு கேஜ் வச்சுப் பார்க்கிறது. என்ஜின் சூடா இருக்கணும். நாலு பிளக்கையும் கழட்டணும், ஃப்யூயல் பம்ப்பையும் இக்னிஷனையும் துண்டிக்கணும், ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிக்கணும், பேட்டரி நல்லா சார்ஜில் இருக்கணும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு, 5 அல்லது 6 கம்ப்ரெஷன் அடி வர்ற வரைக்கும் ஸ்டார்ட்டரைச் சுத்த விடுங்க. ஆக்சிலரேட்டரை மிதிக்காம எடுத்த டெஸ்ட்டால நல்ல என்ஜினைப் பிரிச்சவங்க உண்டு. காத்து உள்ளே போகலைன்னா எல்லா ரீடிங்கும் குறைவாத்தான் காட்டும். பெட்ரோல் என்ஜினுக்குப் பொதுவா 150-லிருந்து 190 பிஎஸ்ஐ வரும், சரியான எண் உங்க வண்டி மேனுவலில் இருக்கும். எண்ணை விட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் இருந்தா நல்லது, 15-ஐத் தாண்டினா காரணம் தேடணும்.

குறைஞ்ச சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியா 5 மில்லி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ரீடிங் நல்லா ஏறினா பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். ஏறலைன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைஞ்சா அந்த ரெண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வால்வுன்னு தெரிஞ்சாலும் உடனே ஹெட்டை (வால்வுகள் இருக்கிற என்ஜின் மேல்பகுதி) கழட்டாதீங்க. வால்வைத் தள்ளுற டாப்பெட்டை ஸ்க்ரூ வச்சு அட்ஜஸ்ட் பண்ற என்ஜின்னா, ஆறின நிலையில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) போட்டு இடைவெளியைப் பாருங்க. இடைவெளி இறுகிப் போயிருந்தா வால்வு முழுசா மூடாது, கம்ப்ரெஷன் அங்கேதான் கசியும். அப்படியே ஓட்டினா எக்ஸாஸ்ட் வால்வு எரிஞ்சிடும், அப்புறம் உண்மையிலேயே ஹெட் வேலைதான். காஸ் கிட்டில் (எல்பிஜி, சிஎன்ஜி) ஓடின வண்டிகளில் வால்வு சீட் தேஞ்சு இது சீக்கிரம் வரும்.

1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி ஆயில், இந்த வயசு என்ஜினுக்குப் பிரிக்கிற காரணமே இல்ல. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்னா வால்வு ஆயில் சீல். ஏத்தத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தா ரிங். ரெண்டுக்கும் முன்னாடி பிசிவி வால்வை (என்ஜின் அடிப்பகுதியான கிராங்க் கேஸின் காத்தை வெளியேத்துற வால்வு) கழட்டிக் குலுக்கிப் பாருங்க. அது அடைச்சா கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் கண்ட இடத்திலெல்லாம் வெளியேறும்.

கணக்குப்பிள்ளை

பணக் கணக்கில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்று: பழுதுச் செலவை வண்டியின் இன்றைய விற்பனை விலையோடு ஒப்பிடுவது. 'வண்டியே அவ்வளவு போகாது, அதற்கு மேல் செலவா?' என்ற கேள்வி விற்கப் போகிறவருக்குப் பொருந்தும், ஓட்டப் போகிறவருக்குப் பொருந்தாது. ஒப்பிட வேண்டியது அடுத்த 5 வருடங்களில் ஒவ்வொரு மாதமும் எது எவ்வளவு விழுங்கும் என்பதை.

பழைய வண்டிக்கு: இப்போது செய்யும் வேலை, வருடாந்தரப் பராமரிப்பு, வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் போக்குவரத்துச் செலவு. இவற்றைக் கூட்டி 60 மாதத்தால் வகுங்கள். மாற்று வண்டிக்கு: வாங்கும் விலையில் 5 வருடம் கழித்து விற்றால் கிடைப்பதைக் கழித்த மீதி, கடன் என்றால் வட்டி, கூடுதல் காப்பீடு, பெயர் மாற்றம், பராமரிப்பு. அதையும் 60-ஆல் வகுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் ஆகியவற்றைப் பழைய வண்டியின் 'ரெஸ்டோர் செலவு' பக்கம் எழுதாதீர்கள். 5 வருட வண்டி வாங்கினாலும் இவை ஓரிரு வருடத்தில் வந்து நிற்கும். இரண்டு பக்கமும் எழுதுங்கள், அல்லது இரண்டிலும் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் பழைய வண்டி அநியாயமாகத் தோற்கும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பாடி வேலைக்குச் சொல்லப்படும் மதிப்பீடு, தகட்டை வெட்டித் திறப்பதற்கு முன் சொல்லப்படுவது. திறந்த பின் கூடும், குறைவது அரிது. பாடி வேலை மதிப்பீட்டின் மேல் 30 முதல் 50 சதவீதம் தனியாக ஒதுக்கிய பிறகும் கணக்குத் தேறினால் மட்டும் இறங்குங்கள். முழு பெயின்ட்டைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அது வண்டியின் ஆயுளில் ஒரு நாளைக்கூடக் கூட்டாது, விற்கும்போது போட்ட பணமும் திரும்பாது.

உதிரி பாகம் பற்றி வேலை தொடங்கும் முன்பே விசாரியுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்காமல் பார்ட் நம்பரை வைத்துக் கேளுங்கள். அதே பாகம் வேறு மாடல்களிலும் பொருந்துவது அப்போதுதான் தெரியும். பேரிங், புஷ், பெல்ட், கேஸ்கட் போன்றவை உற்பத்தி நின்று பல வருடம் ஆனாலும் கிடைக்கும். கிடைக்காமல் போவது கதவு பீடிங் (ஓர ரப்பர்), விளக்கு, கதவு லாக், டாஷ்போர்டு பிளாஸ்டிக், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காப்பது) மாட்யூல், இசியூ (என்ஜினை இயக்கும் கணினி). கிடைக்க அரிதானவற்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு பிரியுங்கள். ஒரே ஒரு பீடிங்குக்காகப் பாதி பிரித்த வண்டி மாதக்கணக்கில் நிற்கும், வீட்டில் வேறு வண்டியும் இல்லை.

நிதானம்

எல்லாரும் வண்டியைப் பார்க்கிறீர்கள், உள்ளே உட்காருபவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ், ஈஎஸ்சி (வண்டி வழுக்கும்போது நிலைப்படுத்தும் அமைப்பு) மூன்றும் இந்த வண்டியில் இருக்கின்றனவா? ஈஎஸ்சி இல்லாத வண்டியில் பிறகு பொருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம். எவ்வளவு அழகாக ரெஸ்டோர் செய்தாலும் மோதலில் அந்தப் பாடி 20 வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பின் பாதுகாப்பைத்தான் தரும், துருப்பிடித்தால் அதுவும் குறையும். மாதாந்தர நீண்ட பயணம் வேகச்சாலையில் குழந்தைகளோடு என்றால், என் தராசு மாற்று வண்டிப் பக்கம்தான் சாயும், செலவு சற்றுக் கூடினாலும்.

ஏர்பேக் இருந்தால், வண்டியின் விஐஎன் என்ற அடையாள எண்ணைக் கொண்டு ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பது) நிலுவை இருக்கிறதா என்று உடனே பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை விரிக்கும் பாகம்) உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோக உறையே சிதறியது. பழைய வண்டி, வெப்பமான ஊர் என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ரீகால் வேலைக்கு உரிமையாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, வெடுக்கென இழுக்கும்போது பூட்டிக்கொள்ளாவிட்டாலோ மாற்றியே ஆக வேண்டும். டயரில் 4 இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கோடு நிறைய மிச்சமிருந்தாலும் 10 வருடத்தைத் தாண்டிய டயரில் நீண்ட பயணம் வேண்டாம். ஸ்டெப்னியையும் பாருங்கள், எல்லாரும் விட்டுவிடுவது அதைத்தான்.

நீலக்கார்

எல்லாருக்கும் நன்றி. பார்த்தாச்சு.

ஷாக் அப்சார்பர் தலை, முன் மெம்பர், சப்ஃப்ரேம், ராக், பின் சஸ்பென்ஷன் இடங்கள் எல்லாம் கெட்டி. இடது ரன்னிங் போர்டில் ஜாக்கி இடத்துக்குப் பக்கத்தில் ரெண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை. உள்தகடு நல்லா இருக்கு. ஹோஸ் டெஸ்ட்டில் வைப்பருக்குக் கீழே இருக்கிற தொட்டி நிரம்பி உள்ளே வடியுது, டிரெய்னில் இலை அடைப்பு. ஃப்ளோரில் மேல் துரு மட்டும், ஓட்டை இல்ல.

கம்ப்ரெஷன்: 168, 164, 112, 166. மூணாவதில் ஆயில் விட்டப்புறம் 118. டாப்பெட் ஸ்க்ரூ டைப்தான். மூணாவது எக்ஸாஸ்டில் ஃபீலர் கேஜ் நுழையவே இல்ல. மேனுவல் அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணினதும் 152. நடுக்கம் பெரும்பாலும் போயிடுச்சு. காஸ் கிட் போட்டதில்ல. ஏர்பேக் ரெண்டு, ஏபிஎஸ் இருக்கு, ஈஎஸ்சி இல்ல. ரீகால் நிலுவை இல்ல. 'டொக்' சத்தம் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், ரெண்டு பக்கமும் ஆடுது.

ஸ்பேனர்14

168-க்கு 152, 10 சதவீதத்துக்குள் வந்தாச்சு. என்ஜினை இறக்கிற பேச்சை விட்டுடுங்க. 1,000 கிலோமீட்டர் ஓட்டி அந்த ஒரு டாப்பெட்டை மறுபடி அளங்க. இடைவெளி அப்படியே நின்னா முடிஞ்சது. மறுபடி இறுகினா வால்வோ சீட்டோ தேயுதுன்னு அர்த்தம். அப்பவும் ஹெட் மட்டும் கழட்டினா போதும், பிளாக் வண்டியிலேயே இருக்கட்டும். ஹெட் இறங்கினா ஆயில் சீல் எல்லாத்தையும் மாத்துங்க. ஹெட்டின் தளம் நேரா இருக்கான்னு ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சுப் பாருங்க. நீண்டு இறுகிற வகை ஹெட் போல்ட்டுன்னா பழசைத் திரும்பப் போடக் கூடாது.

டைமிங் பெல்ட்டா செயினா? பெல்ட்டா இருந்து கடைசியா எப்போ மாத்தினதுன்னு தெரியலைன்னா, மாத்தலைன்னே வச்சுக்கங்க. வால்வும் பிஸ்டனும் மோதிக்கிற வகை என்ஜினில் பெல்ட் அறுந்தா அன்னைக்கே ஹெட் வேலை. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் அதே பிரிப்பில் முடிச்சுடுங்க, பிரிக்கிற கூலி ஒண்ணுதான்.

அடுத்து பிரேக். ரப்பர் ஹோஸ் நாலையும் மாத்துங்க. வெளியே நல்லா தெரிஞ்சாலும் உள்ளே உப்பிப்போய் அடைச்சுக்கும், மிதியை விட்டப்புறமும் பிரேக் பிடிச்சபடியே நிற்கும். பிரேக் ஆயிலை முழுசா மாத்துங்க. டாட் 4 ரக ஆயில் புதுசில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடிச்சா அந்த அளவு 155 வரை இறங்கும். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி போறது இதனாலதான். டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிச்சிருக்கும், வெர்னியர் வச்சு அளங்க.

கூலிங் சிஸ்டத்தில் புது ரேடியேட்டர் மூடி மட்டும் போட்டு நிறுத்தாதீங்க. மூடி சரியானதும் அழுத்தம் முழுசா ஏறும், 20 வருஷ ஹோஸில் எது பலவீனமோ அது விட்டுடும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி, கூலன்ட் எல்லாம் ஒரே நாளில்.

பால் ஜாயின்ட்டுக்கு ஆர்மைக் கழட்டும்போது புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் சேர்த்துப் போடுங்க. இதில் ஒரு தப்பு எல்லா இடத்திலும் நடக்குது: சக்கரம் தொங்கிட்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுசா இறுக்கிடறாங்க. வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே உட்காரும், சீக்கிரமே கிழியும். போல்ட்டை லூஸா போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் ஏறின அப்புறம் இறுக்கச் சொல்லுங்க. கடைசியா வீல் அலைன்மென்ட்.

பாடிவேலை

இது வச்சுக்க வேண்டிய வண்டிதான். ஆனா 'ரெஸ்டோர்' பண்ண வேண்டாம். இது ரிப்பேர், அவ்வளவே. முழு பெயின்ட்டும் வேண்டாம்.

முதல்ல தொட்டி டிரெய்னைச் சுத்தம் பண்ணி, கார்பெட்டை வெளியே எடுத்து அடியில் இருக்கிற பஞ்சோட முழுசா காய வையுங்க. பஞ்சு காய நாள் பிடிக்கும். அது ஈரமா இருக்கும்போது மேலே கார்பெட்டைப் போட்டா ஃப்ளோர் கீழே அரிச்சிட்டே இருக்கும். மேல் துருவை ஒயர் பிரஷால் தேய்ச்சு, பாஸ்ஃபாரிக் அமில ரஸ்ட் கன்வெர்ட்டர், எபாக்ஸி பிரைமர், மேலே பெயின்ட்.

ரன்னிங் போர்டுக்கு, ஓட்டை ரெண்டு விரல் அகலம்னாலும் வெட்டு அதை விடப் பெருசா இருக்கும். முழுக் கனம் உள்ள தகடு வர்ற வரைக்கும் வெட்டணும். துருப்பிடிச்ச தகட்டு மேலேயே ஒட்டுத் தகடு வச்சு வெல்டு பண்ணி பட்டி பூசறதா ஒரு பட்டறை சொன்னா, வேற பட்டறை பாருங்க. ரெண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் பூட்டிக்கும், முன்னைவிட வேகமா அரிக்கும். வெட்டறதுக்கு முன்னாடி பின்கதவு இடைவெளியை மூணு இடத்தில் அளந்து எழுதி வைங்க. வண்டியை அந்த ஜாக்கி இடத்தில் தூக்கி வச்சுக்கிட்டே வெட்டக் கூடாது, எடை சக்கரத்தில் இருக்கணும்.

பேட்டரி ரெண்டு டெர்மினலையும் கழட்டுங்க, இசியூ கனெக்டரையும் பிரிச்சு வைங்க. அந்தப் பக்கத்து சீட், கார்பெட் வெளியே. அந்த வழியா ஃப்யூயல் பைப்பும் பிரேக் பைப்பும் போகுதான்னு பாருங்க, தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். புதுத் தகடு பழசோட அதே கனத்தில், மிக் வெல்டிங்கில் 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் ஒயர். ஒரே கோடா இழுக்காம, ஒரு சென்டிமீட்டர் வச்சு இடம் மாத்தி மாத்தி வெல்டு பண்ணினாத்தான் தகடு வளையாது. தகடு மேல தகடு வர்ற இடத்தில் வெல்டு த்ரூ ஜின்க் பிரைமர், இணைப்பில் சீம் சீலர்.

பெயின்ட் காய்ஞ்சப்புறம் கேவிட்டி வாக்ஸ், அதாவது உள்வெற்றிடத்தில் துரு வராம அடிக்கிற மெழுகு. நீள நாசிலை டிரெய்ன் ஓட்டை வழியா உள்ளே விட்டு, பின்னால இழுத்துக்கிட்டே அடிக்கணும். வலது ரன்னிங் போர்டுக்கும் நாலு கதவுக்கு உள்ளேயும் சேர்த்து அடிங்க. வலதுபக்கம் இன்னும் கொப்புளம் வரலைங்கிறது உள்ளே துரு இல்லைங்கிறதுக்குச் சான்று இல்ல. அடிச்சு முடிச்சதும் ஒரு கம்பியால எல்லா டிரெய்ன் ஓட்டையும் திறந்திருக்கான்னு குத்திப் பாருங்க.

நிதானம்

பாடி கெட்டி, ரீகால் நிலுவை இல்லை, ஏபிஎஸ் இருக்கிறது என்ற பிறகு தினசரி 40 கிலோமீட்டருக்கு இதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஈஎஸ்சி பற்றிய என் கருத்து மட்டும் மாறவில்லை. நீண்ட பயணங்கள் கூடினால் முடிவை மறுபடி எடுங்கள். அதற்குள் மாற்று வண்டி பார்த்தால், பாடிவேலை சொன்ன அதே ஸ்க்ரூடிரைவர், அதே காந்தத்தோடு போங்கள். 5 வருட வண்டி என்பதால் கீழே பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். அடிபட்டு நிமிர்த்திய வண்டியா என்று தெரிய, அடிப்பாகத்தில் இரு பக்கமும் ஒத்த புள்ளிகளுக்கு இடையே இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஜிக்கில் ஏற்றி அளக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.